மாதா கோயிலின் வயது

பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலுக்கு ஐந்நூறு வயது தாண்டிவிட்டது என்பார்கள். 1515-இல் எழுந்த கோயில் என்பது மரபு. போய்ப் பார்த்தால் நிற்பது புதுக் கட்டடம். போர்த்துக்கீசியர் காலத்துச் சுண்ணாம்புச் சுவரைத் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அப்படியானால் அந்த ஐந்நூறு வயது எதனுடையது?

வரலாறு எழுதுகிறவருக்கு இது சங்கடமான கேள்வி. உள்ளே முழந்தாளிட்டிருக்கும் மீனவப் பெண்ணுக்கோ இது கேள்வியே இல்லை. அவளுடைய ஆயா இங்கே வந்தாள், அம்மா வந்தாள், இப்போது இவள் வருகிறாள். நடுவில் சுவர் மாறியது அவளுக்குத் தெரியும். வீட்டுக்குக் கூரை மாற்றியதைப் போல அதுவும் நடந்தது, அவ்வளவுதான். இந்த இருவரில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அவசரமும் இல்லை. கடைத்தெருவிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் நடந்தால் யோசிக்க வேண்டிய அளவுக்கு நேரம் கிடைக்கும்.

1515 என்றால் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலம். சோழமண்டலக் கரையில் அவருடைய நாட்டுக்கு முக்கியமான துறைமுகம் இது. இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்து சாயமேற்றிய துணி மலாக்காவுக்கும் பெகுவுக்கும் போயிற்று. அரபு நாட்டு வழிவந்த முஸ்லிம் வணிகர்கள் அதற்கு வெகு காலம் முன்பே இங்கே வேர்விட்டிருந்தார்கள். 1516 வாக்கில் இந்தக் கரைகளைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் நிறைந்த பணக்காரத் துறைமுகமாகவே இதைக் காட்டுகிறார். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியருக்கு அந்தச் சந்தையில் கைமாற்ற இந்தத் துணி தேவைப்பட்டது. அப்படி வந்து தங்கியவர்கள் தமக்கென்று ஒரு மாதா கோயில் எழுப்பிக்கொண்டார்கள். கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, அலையைத் தாண்டிப் படகில் கரை சேர வேண்டிய ஊர். கடலுக்குள் போகும் முன் ஒரு கும்பிடும், திரும்பி வந்தபின் ஒரு கும்பிடும் போட இடம் வேண்டாமா? கோயிலின் முதல் காரணம் அந்த அளவுக்கு எளிமையானது.

1517-இல் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மலாக்காவிலிருந்து வந்து பழவேற்காட்டில் இறங்கிய தியோகோ பெர்னாண்டஸ் முதலான போர்த்துக்கீசியரை, கூட வந்த ஆர்மேனிய வணிகர்கள் மயிலாப்பூருக்கு அழைத்துப் போனார்கள். அப்போஸ்தலர் தோமாவின் இல்லம் என்று அங்கே பாழடைந்து கிடந்த ஒரு கோயிலைக் காட்டினார்கள். பிற்காலத்தில் சாந்தோம் என்று பெயரும் பேராலயமும் பெற்ற இடம் போர்த்துக்கீசியரின் கண்ணில் பட்டது இப்படித்தான். பேரரசோ படையோ அந்த வழியைக் காட்டவில்லை. கடல்வழித் தோழர்களாக வந்த வியாபாரிகள், "வாருங்கள், ஓர் இடம் காட்டுகிறோம்" என்று கூப்பிட்டுப் போனார்கள். யாத்திரைகள் பலவும் இப்படி ஒருவர் கூப்பிட்டுத்தான் தொடங்குகின்றன. நம்மில் எத்தனை பேர் முதன்முதலில் ஒரு கோயிலுக்குத் தாமாகப் போனோம்? யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பார்கள்.

அடுத்த நூற்றாண்டு அவ்வளவு இனிமையாக இல்லை. டச்சுக்காரர்கள் வந்தார்கள்; பண்டகசாலை வைத்தார்கள். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியர் வந்து அதைத் தாக்கி அழித்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. கட்டிய அதிகாரி வெம்மர் வான் பெர்க்கம் தன் சொந்த மாகாணத்தின் பெயரை அதற்கு வைத்தார். இரு தரப்புக்கும் ஒரே வேதம், ஒரே சிலுவை. ஆனாலும் ஒருவர் பீரங்கி மற்றவரைப் பார்த்தபடி இருந்தது. கோட்டைக்குள் ஞாயிறு தவறாமல் பிரசங்கம் நடந்தது; அதே ஊரில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் ஓடியது. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், வயிற்றுக்கு இல்லாமல் விற்கப்பட்ட தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் இந்தத் துறையிலிருந்து படேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். இந்தத் தெருவைப் பற்றி ஆன்மிகமாக எழுதப் புகுந்துவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. தோணியில் ஏற்றப்பட்ட அந்த மனிதர்கள் கடைசியாகப் பார்த்த சொந்த நாட்டு மண் இந்தக் கரைதான். அவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. ஏற்றி அனுப்பியவர்களின் சமாதிகளோ இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அந்தக் கோட்டைக்குள் ஓர் ஆச்சரியமும் நடந்தது. 1630-களில் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் போதகர் பழவேற்காட்டுக்கு வந்தார். ஏறத்தாழ பத்தாண்டு இருந்தார். கும்பினிச் சிப்பாய்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் ஜெபம் நடத்துவது அவர் வேலை. அதைச் செய்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பலர் அப்படித்தான் இருந்தார்கள். இவருக்கு, வெளியே கோயில் மணி அடிக்கிறதே, அந்த மக்கள் யாரைக் கும்பிடுகிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று அறியும் ஆசை வந்தது. பத்மநாபன் என்ற பிராமணர் கிடைத்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீசிய மொழி. டச்சுக்காரர்களின் பரம எதிரியுடைய மொழியில், ஒரு கால்வினியப் போதகரும் ஒரு வைதிகரும் உட்கார்ந்து பேசினார்கள். விரதம் ஏன், நெற்றியில் நாமம் ஏன், இறந்தவர் எங்கே போகிறார், விதி என்றால் என்ன?

அந்தப் பேச்சுகளிலிருந்து எழுந்த நூல், ரோஜேரியஸ் இறந்த பிறகு 1651-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. மறைந்திருக்கும் புறமதத்துக்குத் திறந்த கதவு என்று பொருள்படும் தலைப்பு. தலைப்பில் அந்தக் காலத்து மேட்டிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பொறுமையான கேள்வியும் நேர்மையான பதிலும். நூலின் கடைசியில் பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் டச்சு மொழியில் வந்திருக்கின்றன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுதான் முதல் தடவை என்பார்கள். சிருங்கார சதகம் மட்டும் இல்லை. போதகரிடம் காதல் கவிதையைச் சொல்லப் பத்மநாபன் கூச்சப்பட்டாரோ என்னவோ!

எனக்கு இந்த இருவரையும் நினைக்கும்போது ஒன்று தோன்றும். ரோஜேரியஸ் மதம் மாறவில்லை, பத்மநாபனும் மாறவில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் முழுதாக ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. இருந்தும் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். வைராக்கியத்தைப் பற்றிய பாடல்களை, பொருள் சேர்க்கவே கடல் கடந்து வந்த ஒரு கும்பினியின் கோட்டைக்குள் உட்கார்ந்து ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதினார். சுற்றிலும் துணி மூட்டை, வெடிமருந்து, கணக்குப் புத்தகம். பிரார்த்தனைக்கு அமைதியான இடம் வேண்டும் என்று நாம் சாக்குச் சொல்கிறோம். அவர்களுக்குக் கிடைத்த இடம் அது.

கோட்டை இருந்த இடத்துக்கு அருகே டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்; பயமுறுத்தச் செய்த சிற்பம் போலவே அது இல்லை. எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அத்தனை நுணுக்கம். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். பலகைக் கற்களில் குடும்பச் சின்னங்கள், சுற்றிலும் கொடிவேலை, யாரும் படிக்காத மொழியில் பெயர்கள். விரல் வைத்துத் தடவினால் எழுத்தின் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது. உப்புக்காற்று இத்தனை காலம் உரசியும் அந்தக் கல் மசியவில்லை. கீழே படுத்திருப்பவர்கள் யாரென்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற ஆளில்லை. கல் அப்படியே இருக்கிறது, கண்ணீர் இல்லை. அங்கே மாதா கோயிலில் பழைய கல் இல்லை, கண்ணீர் இருக்கிறது.

இதே ஊரில் பள்ளிவாசலில் ஒரு நிழற்கடிகாரம் உண்டு. தொழுகை நேரம் அறிய வைத்தது. அந்தத் தெருக்களில் மரைக்காயர் காலத்துப் பழைய வீடுகள், அகலமான திண்ணைகள். பனையோலையில் கூடை முடையும் பெண்கள். அந்தப் பக்கம் ஆதிநாராயணப் பெருமாள் கோயில், ராமாயணக் கதை நுணுக்கமாகச் செதுக்கிய சிறு சிற்பங்களோடு. இவ்வளவும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. எல்லோரும் ஒன்றாகக் கூடிக் குலாவி வாழ்ந்த பொற்காலம் என்று நான் இதை வர்ணிக்க மாட்டேன். சண்டையும் இருந்திருக்கும். பக்கத்துத் தெருக்காரர் எப்போது தொழுகிறார், எப்போது தேர் இழுக்கிறார் என்று தெரிந்து, அதற்கு வழிவிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அது போதும்.

டச்சுக்காரர்கள் 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் பறிபோனது. பழவேற்காடும் கைமாறிக் கைமாறி, 1825-இல் முற்றாக ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் மேடும் அகழியின் தடமும்தான். கப்பல் வராத துறைமுகத்தில் பிறகு எஞ்சியவர்கள் யார்? ஏரியை நம்பியவர்கள்.

பழவேற்காடு ஏரி சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் வந்து விழுகின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் நன்னீர்ப் பக்கம் சாயும், கோடையில் கடலைவிட உப்பேறும். எல்லாம் முகத்துவாரத்தின் கையில். அது திறந்திருந்தால் இறால் குஞ்சு உள்ளே வரும், ஏரி மூச்சு விடும். மணல் தள்ளி அடைத்துக்கொண்டால் குப்பங்களின் அடுப்பும் அணையும்.

இந்த ஏரியில் மீன் பிடிக்க ஒரு பழைய ஒழுங்கு உண்டு. பாடு என்பார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில், தலைக்கட்டு என்று கணக்கில் வரும் குடும்பத் தலைவர்களுக்குள், ஏரியின் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். நல்ல இடம் விழுந்தவன் என்றைக்கும் அங்கேயே உட்கார முடியாது. முறை முடிந்தால் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடம் போக வேண்டும். ஏரிக்கு யாரும் சொந்தக்காரன் இல்லை. அவரவருக்குக் கிடைப்பது ஒரு முறை, ஓர் இரவு, ஒரு நீர்ப்போக்கு. இந்துக் குப்பமும் கிறிஸ்தவக் குப்பமும் ஒரே ஏரியை இப்படிப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்த ஒழுங்கைக் கற்றிருந்தால் என்று நினைக்கத் தோன்றும். அவரவர் முறை வந்தபோது, இது என்றைக்கும் நமக்கே என்று கல்லை அடுக்கினார்கள். ஆனால் பாடு முறையைப் புனிதமாக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அதிலும் வெளியே நிற்பவர்கள் உண்டு. இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்த இறாலை ஒவ்வொன்றாக அதில் போடும் இருளர் பெண்களைக் கரையில் நின்று பார்த்தால் தெரியும். மணிக்கணக்காக வாய் திறக்க முடியாது. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். சீட்டில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ஒரு சமூகத்துக்குள் நீதியாக இருப்பது அடுத்த சமூகத்துக்கு அடைத்த கதவாக இருக்கலாம். மதங்களுக்கும் இது பொருந்தும், தனியே சொல்ல வேண்டியதில்லை.

மாதா கோயிலுக்குள் இப்போது போகலாம். வெயில் நேரத்தில் உள்ளே ஆள் குறைவு. செருப்பை வெளியே விட்டு வருகிற பெண்கள் நேரே பீடத்துக்குப் போவதில்லை, முதலில் மெழுகுவர்த்தி. திரியைப் பக்கத்துச் சுடரில் காட்டி ஏற்றி, அடிப்பாகத்தையும் அதே சுடரில் சற்று உருக்கி, கம்பியில் அழுத்தி நிறுத்துகிறார்கள். முன்பு ஏற்றியவர் யாரென்று தெரியாது. அவருடைய சுடரில்தான் இவருடையது பற்றுகிறது. ஏற்றி முடித்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, மாதாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் உட்காருகிறார்கள். வேண்டுதல்கள் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. முகத்துவாரம் திறக்கணும். படகுக் கடன் அடையணும். மகன் சென்னையில் வேலையில் நிலைக்கணும். கடலுக்குப் போனவர் திரும்பணும்.

கடைசி வேண்டுதல் ஐந்நூறு ஆண்டாக மாறாமல் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அதற்கு இன்னொரு கனம் வந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இந்த ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பாலன் பிறந்த நாளில் ஏரிக்கரையில் உடல்களை வரிசையாகக் கிடத்திய ஊர் இது. ஏன் என்ற கேள்விக்கு விடை இல்லை. விடை சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. கேள்வியோடு வந்து உட்கார ஓர் இடம் இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

சுவிசேஷத்தில் ஒரு பகுதி உண்டு. ஏரியில் இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல், கரையில் வலையை அலசிக்கொண்டிருந்த சீமோனிடம், இன்னொரு தடவை ஆழத்துக்குப் போ என்று இயேசு சொல்கிறார். நகரத்துக் கோயிலில் அது ஒரு புதுமையின் கதை. இங்கே கேட்பவர்களில் பாதிப் பேர் அன்று காலையில் அதே போல வெறும் வலை அலசிவிட்டு வந்தவர்கள். களைத்த தோளோடு மறுபடியும் படகைத் தள்ளுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டாம். அற்புதம் மீன் கிடைத்ததில் இருக்கிறதா, அவன் மறுபடி போனதில் இருக்கிறதா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பழவேற்காட்டில் உட்கார்ந்து யோசித்தால் இரண்டாவதுதான் என்று படுகிறது.

ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாள்களில் வேடிக்கை பார்க்க வெளியூர்க் கூட்டம் வரும். மீனவருக்கு அன்று கடலில் தடை. நிலவுக்குப் போகும் கலத்தைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டத்தில், அன்றைய வருமானம் போன மனிதரும் நிற்பார். அவரும் அண்ணாந்து பார்ப்பார், அவரும் கைதட்டுவார். இந்தப் பெருந்தன்மையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இனி அந்த முதல் கேள்வி. ஐந்நூறு வயது எதனுடையது? என் முடிவு மீனவப் பெண்ணின் பக்கம்தான் சாய்கிறது. ஏரியில் வலை கட்டும் முறையைப் போலவே, முழந்தாளிடும் முறையும் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறி வந்திருக்கிறது. அதற்குத்தான் அந்த வயது. டச்சுக்காரர் கோட்டையைக் கட்டினார்கள்; அதற்குள் யாரும் தம் முறையை அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. கோட்டை போனபோது எல்லாம் போயிற்று.

இப்படிச் சொன்னாலும் வரலாறு எழுதுகிறவரின் வருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அந்தப் பழைய சுவர்கள் இருந்திருக்க வேண்டும். அவள் ஆயா தலை சாய்த்து அழுத தூண் எது என்று பேத்திக்குக் காட்ட இன்று வழி இல்லை. சுவர் இல்லாமலும் நம்பிக்கை வாழும் என்பது, சுவரை இடிக்க ஒரு நியாயம் ஆகாது. நம் கடற்கரை ஊர்களில், மாதா கோயிலானாலும் மாரியம்மன் கோயிலானாலும் பள்ளிவாசலானாலும், இடம் போதவில்லை, ஒழுகுகிறது, பக்கத்து ஊரில் பெரிதாகக் கட்டிவிட்டார்கள் என்ற காரணங்களுக்காகப் பழையவை விழுந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள் என்றால் ஒரு வேண்டுகோள். புதிதாக ஒரு மண்டபம் வேண்டுமானால் பக்கத்தில் கட்டுங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார்களும் பொறியாளர்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் முன் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.